வரிக்கு மட்டும் பஞ்சப்படியா?



பஞ்சப்படி என்றால் என்ன என்று நம் வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அரிசி விலை ஏறினால் சம்பளமும் ஏற வேண்டும் என்று தொழிலாளி வர்க்கம் போராடி வாங்கிய உரிமை அது. சிம்லாவிலுள்ள மத்திய சர்க்காரின் தொழிலாளர் கணக்கு அலுவலகம் மாதாமாதம் விலைவாசிக் குறியீட்டெண்ணை வெளியிடுகிறது. எண் ஏறினால் பஞ்சப்படி ஏறும். ஆலைத் தொழிலாளிக்கு அது உண்டு. ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் உண்டு. காலையில் சுள்ளிக்கல் முக்கில் தூக்குவாளியோடு நின்று, யாராவது வேலைக்குக் கூப்பிட மாட்டார்களா என்று பார்த்திருக்கும் நம்மவனுக்குத்தான் இல்லை.

இப்போது புதிதாக ஒன்றுக்குப் பஞ்சப்படி கிடைத்திருக்கிறது. மனிதருக்கல்ல, வரிக்கு!

கேரளத்தில் 2023 ஏப்ரல் 1 முதல் கட்டிட வரி ஆண்டுதோறும் 5 சதவீதம் ஏறுகிறது. யாரும் கூட்டம் போட்டு விவாதிக்க வேண்டியதில்லை, கை தூக்க வேண்டியதில்லை. தானாக ஏறும். இந்த வரியின் தோளில்தான் சேவைச் செஸ் உட்கார்ந்திருக்கிறது. துப்புரவு, குடிநீர், தெருவிளக்கு, வடிகால் ஆகியவற்றின் பெயரால் வாங்கப்படும் காசு அது. வரியில் இத்தனை சதவீதம் என்று அதைக் கணக்கிடுவதால், வரி ஒரு படி ஏறினால் செஸ்ஸும் கூடவே ஒரு படி ஏறும். ஆக, நம் வாசலில் ஓடும் கானாவின் பெயரால் வாங்கும் காசும் வருஷா வருஷம் ஏறுகிறது. கானா மட்டும் போன வருஷம் இருந்தபடியே இருக்கிறது!

இந்த யோசனை கொச்சி கார்ப்பரேஷனின் மூளையில் உதித்ததல்ல. 2020 மே மாதம், கொரோனா காலத்தில், மாநிலங்கள் கூடுதலாகக் கடன் வாங்க மத்திய சர்க்கார் சில நிபந்தனைகள் வைத்தது. நகரங்களில் சொத்து வரிக்கும், தண்ணீர், வடிகால், கழிவுநீர்க் கட்டணங்களுக்கும் குறைந்தபட்ச அளவு குறிக்க வேண்டும், விலைவாசி ஏற ஏற அவற்றையும் கூட்ட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. 15-வது நிதிக் கமிஷனும் தன் பங்குக்கு, மாநில உற்பத்தி வளரும் வேகத்தில் சொத்து வரி வசூலும் வளர்ந்தால்தான் நகரசபைகளுக்கு மானியம் என்றது. கேரளத்தில் ஒரு கட்சி, தமிழ்நாட்டில் இன்னொரு கட்சி, டெல்லியில் மற்றொன்று. வரி விஷயத்தில் மட்டும் மூன்றுக்கும் ஒரே பாட்டு! ஊரில் நமக்கு ஓட்டு வீடு இருந்தால் அங்கேயும் இதே கதைதான். தமிழ்நாட்டில் 2022-ல் சொத்து வரியை 25 முதல் 150 சதவீதம் வரை ஏற்றினார்கள். அது போதாதென்று ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தார்கள். 2024 அக்டோபரில் சென்னையில் அது நடைமுறைக்கு வந்தது.

நான் ஏன் கை தட்டவில்லை?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டத்தில் இந்த விஷயம் வந்தபோது இளைஞர்கள் சிலர், “ஒரு பைசாவும் கூட்டாதே என்று தட்டி எழுதி வைப்போம்” என்றார்கள். நல்ல கைதட்டல். நான் கை தட்டவில்லை. அதற்காகச் சிலருக்கு என்மேல் வருத்தம். காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்.

கானாவில் இறங்குகிறவன் யார்? தகழி 1947-ல் ‘தோட்டியுடெ மகன்’ நாவலை எழுதினார். ஆலப்புழை நகரத் தோட்டிகளின் கதை. அதில் வரும் அப்பன் பெயர் இசக்கிமுத்து. மகன் பெயர் சுடலைமுத்து. இந்தப் பெயர்கள் எந்தச் சீமைப் பெயர்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? கேரளத்துப் பட்டணங்களின் மலத்தையும் சேற்றையும் சுமந்தவர்களில் நம் மக்கள் முன்வரிசையில் நின்றார்கள். இன்றைக்கும் மண்வெட்டியும் கூடையுமாகக் கானா வாரப் போகிறவர்கள் நம் சந்துகளில் இருக்கிறார்கள். செஸ் கட்டுகிற கையும் நம் கை. சேறு அள்ளுகிற கையும் நம் கை.

“ஒரு பைசாவும் கூட்டாதே” என்று நாம் சொன்னால், கார்ப்பரேஷன் என்ன செய்யும்? அதிகாரியின் காருக்குப் பெட்ரோலைக் குறைக்குமா? காண்டிராக்டரின் கூலிக் கணக்கில்தான் கை வைக்கும். மழைக்கு முன் இரண்டு முறை வார வேண்டியதை ஒரு முறை வாரும். பூட்ஸும் கையுறையும் “அடுத்த பட்ஜெட்டில்” என்று போகும். விலைவாசி ஏறும்போது வருமானத்தை முடக்கினால் முதலில் பட்டினி கிடப்பவன் கடைசிப் படியில் நிற்பவன்தான். அவன் நம்மவன்.

2024 ஜூலை 13 அன்று திருவனந்தபுரத்தில், தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் போகும் ஆமயிழஞ்சான் கால்வாயில் குப்பை வார இறங்கிய ஒரு தொழிலாளி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாள் தேடி, 15-ந்தேதிதான் உடல் கிடைத்தது. குப்பை யாருடைய பொறுப்பு என்று ரயில்வேயும் கார்ப்பரேஷனும் ஒன்றையொன்று கை காட்டின. செத்தவன் யாருடைய பொறுப்பு?

சரி, கட்டணம் ஏறினால் தொழிலாளிக்குப் போய்ச் சேருமா? அதுவும் இல்லை! சென்னையைப் பாருங்கள். 2024 அக்டோபரில் 6 சதவீத ஏற்றம் வந்தது. பத்து மாதம் கழித்து, 2025 ஆகஸ்டில், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவைத் தனியாரிடம் கொடுக்காதே என்று தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். வாங்குகிற சம்பளமும் குறைந்துவிடும் என்பதே அவர்கள் பயம். 13-ந்தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. வரி மேலே போயிற்று. தெருக் கூட்டியவள் நடைபாதைக்குப் போனாள்.

ஆகவே நம் கேள்வி “கூட்டலாமா, கூடாதா” என்பதல்ல. ஏறுகிற காசு யாரிடமிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது என்பதே கேள்வி.

ஐந்து சதவீதம் எந்தக் கணக்கு?

விலைவாசிக்கு ஏற்ப என்கிறார்கள். ஆனால் 5 சதவீதம் விலைவாசியைப் பார்த்து ஏறுவதில்லை; காலண்டரைப் பார்த்து ஏறுகிறது. 2025 அக்டோபரில் நாடு முழுதுக்குமான சில்லறை விலையேற்றம் வெறும் 0.25 சதவீதம். அதே மாதம் கேரளத்தில் அது 8 சதவீதத்துக்கு மேல். ஊருக்கு ஊர் இத்தனை வித்தியாசம் இருக்கும்போது எல்லா வருஷத்துக்கும் ஒரே 5 எப்படிப் பொருந்தும்? ஒன்று, வரி கூடுதலாக வாங்குகிறார்கள்; இல்லை, வேலை செய்யப் போதாத காசை வாங்கிவிட்டு “பணமில்லை” என்கிறார்கள். இரண்டிலும் தண்ணீர் நிற்பது நம் வாசலில். 1,000 ரூபாய் வரி இந்தக் கணக்கில் பத்து வருஷத்தில் 1,629 ரூபாய். பதினைந்து வருஷத்தில் 2,079 ரூபாய். நம் தினக்கூலி பதினைந்து வருஷத்தில் இரட்டிக்கும் என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா?

யார் கூரைத் தண்ணீர்?

மழைத் தண்ணீர் எங்கிருந்து கானாவுக்கு வருகிறது? கூரையிலிருந்தும் சிமெண்ட் தரையிலிருந்தும். மண் கொஞ்சம் குடிக்கும், காங்கிரீட் குடிக்காது. 2024 மே 28 அன்று களமசேரியில் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒரு மழை இங்கே பெய்தால், 500 சதுர அடிக் கூரை சுமார் 4,650 லிட்டர் தண்ணீரைத் தள்ளும். 10,000 சதுர அடிக் கிடங்கு 93,000 லிட்டரைத் தள்ளும். முற்றம் முழுவதும் சிமெண்ட் கல் பாவியவர் அதற்கு மேலும் தள்ளுவார். ஆனால் கட்டிட வரி முற்றத்தை அளப்பதில்லை.

இதற்கு வழியில்லாமல் இல்லை. ஜெர்மனியின் பெர்லினில் 2000-ம் ஆண்டு முதல் மழைநீர்க் கட்டணத்தைத் தனியாக, மூடிய தரையின் சதுர மீட்டரை அளந்து வாங்குகிறார்கள். அமெரிக்காவில் பெல்வியூ நகரம் 1974-லேயே மழைநீர் வடிகாலுக்கென்று தனி அமைப்பும் தனிக் கட்டணமும் ஏற்படுத்தியது. தண்ணீரைத் தள்ளுகிறவனே காசைக் கொடு என்பது நியாயமான சட்டம். நம் ஊரில் நாளைக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வைத்தால் என்ன ஆகும்? ஒரே கூரையின் கீழ் எட்டு அறை. எட்டு அறையில் எட்டுக் குடும்பம். ஒரு கூரைத் தண்ணீருக்கு எட்டுக் கட்டணம்!

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 60 சதுர மீட்டர் வரையுள்ள வீடுகளுக்கு 2023 முதல் கட்டிட வரி விலக்கு. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் விலக்கு உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டுக்குத்தான். நாம் வாடகைக்கு இருக்கும் பத்துக்குப் பத்து அறைக்கு இல்லை. வரியை வீட்டுக்காரர் கட்டுகிறார். பிறகு வாடகையில் நம்மிடம் வாங்குகிறார். எங்கள் சந்தில் ஒரு வீட்டுக்காரர், “வரி கூடிவிட்டது” என்று அறைக்கு 300 ரூபாய் கூட்டினார். எவ்வளவு வரி கூடியது, ரசீதைக் காட்டுங்கள் என்று கேட்டோம். இன்றுவரை காட்டவில்லை. சுள்ளிக்கல்லானாலும் வாத்துருத்தியானாலும் வாடகைக்காரன் நிலை இதுதான். வரி கட்டுகிறவன் பட்டியலில் நம் பெயர் இல்லை, கட்டுகிறவர்கள் நாம்.

காயலுக்கு இந்தப் பக்கமும் கொச்சிதான்!

2019 அக்டோபர் 21 அன்று, எர்ணாகுளம் இடைத்தேர்தல் நாளில், நகரம் முங்கியது. ஐகோர்ட் கார்ப்பரேஷனைக் கடுமையாகச் சாடியது. உடனே ‘ஆபரேஷன் பிரேக்த்ரூ’ வந்தது. பிறகு இடப்பள்ளி, தேவரா–பேரண்டூர், சிலவன்னூர், மார்க்கெட் கால்வாய்களுக்குப் பெருந்திட்டம் வந்தது. எல்லாம் காயலுக்குக் கிழக்கே! மேற்குக் கொச்சியில் ராமேஸ்வரம்–கல்வத்திக் கால்வாயில் சில வேலைகள் நடந்தன, மறுக்கவில்லை. ஆனால் இங்கே ஓதம் ஏறினால் கால்வாயே கானாவுக்குள் திரும்பி வருகிறது. மழையும் ஓதமும் ஒரே நேரத்தில் வந்தால், போர்ட் கொச்சி வேளியின் வண்ணார் குடும்பங்களிலிருந்து சுள்ளிக்கல் சந்துகள் வரை கட்டிலின் மேல்தான் குடித்தனம். வாரிய சேற்றைக் கானா ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போகிறார்கள். முதல் மழையில் அது மறுபடி உள்ளே. ஒரே சேற்றுக்கு இரண்டு பில்!

ஆகவே நாம் கேட்பது இவை:

1. ஏற்றம் உண்மையான விலைவாசி எண்ணோடு போகட்டும். அதற்கு மேல்வரம்பும் இருக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு 5 சதவீதம் வேண்டாம்.

2. வரி எத்தனை சதவீதம் ஏறுகிறதோ, கானா வாரும் தொழிலாளியின் கூலியும், காண்டிராக்ட் ஆளானாலும், அத்தனை சதவீதம் ஏற வேண்டும். மனிதனை மூடிய சாக்கடையில் இறக்கக் கூடாது.

3. வடிகால் காசுக்குத் தனிக் கணக்கு வேண்டும். இடவப்பாதி மழைக்கு முன் எந்தச் சந்தில் எத்தனை மீட்டர் வாரினார்கள், சேற்றை எங்கே கொண்டு போனார்கள் என்று வார்டு வாரியாக ஒட்ட வேண்டும்.

4. மழைநீருக்கான காசை மூடிய தரையின் அளவுக்கே வாங்க வேண்டும். குடும்பத்தின் தலைக்கு வாங்கக் கூடாது.

5. சிறு வீட்டு விலக்கு வாடகை அறைகளுக்கும் வேண்டும். வரி கூடியது என்று வாடகை கூட்டுகிறவர் ரசீதைக் காட்ட வேண்டும்.

சாப்பாவை விட்டெறிந்து, பொறுக்கியவனுக்கு மட்டும் வேலை கொடுத்த முறையை எதிர்த்து, 1953 செப்டம்பர் 15-ல் துப்பாக்கிக் குண்டுக்கு முன் நின்ற துறைமுகத் தொழிலாளிகளின் மட்டாஞ்சேரி இது. அவர்களில் யார் மலையாளி, யார் தமிழன் என்று குண்டு கேட்கவில்லை. தண்ணீரும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டு மலையாளித் தொழிலாளிக்கும் இதே கானாதான். அவரையும் அழைத்து வாருங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது இரண்டு காகிதம் கொண்டு வாருங்கள். ஒன்று, வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிய வரி ரசீதின் நகல். அவர் கொடுக்கவில்லையென்றால், கொடுக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டு வாருங்கள். மற்றது, உங்கள் வாசலில் கடைசியாக எந்தத் தேதியில் கானா வாரினார்கள் என்ற குறிப்பு. இரண்டையும் சேர்த்துத் தைத்து வார்டுக் கமிட்டியில் வைப்போம். அந்தக் கட்டைப் பார்த்த பிறகும் வரிக்கு மட்டும் பஞ்சப்படி என்று சொல்ல அவர்களுக்கு வாய் வருகிறதா, பார்ப்போம்!