சிலிண்டரை மூடிக் கட்டாதீர்கள்



வெளிநாட்டிலிருக்கும் உறவுகள் ஊரில் கட்டும் சில வீடுகளில் இப்போது புதிதாக ஒன்றைக் காண்கிறோம். பின்விறாந்தையில் சீமெந்து மேடை கட்டி, இறைச்சியும் மீனும் வாட்டுவதற்கான காஸ் அடுப்பை அதிலே பதித்துவிடுகிறார்கள். பாபிகியூ என்று சொல்கிறார்கள். சிலிண்டர் மேடைக்குக் கீழே, கதவு போட்ட அலுமாரிக்குள் இருக்கும். விடுமுறைக்கு வருபவர்கள் சில நாட்கள் சமைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மற்ற மாதங்களில் அந்த வீட்டைப் பார்ப்பதும், அவர்கள் வரும்போது அடுப்பைத் துடைத்து மூட்டிக் கொடுப்பதும் எங்களைப் போன்ற பெண்கள்தான். இடியப்பம், வடை செய்து விற்கும் சகோதரிகளும் வெளிக்கொட்டிலில் இதே மாதிரி மேடை கட்டுகிறார்கள்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெய்க்கே வழியின்றி ஜாம் போத்தல் விளக்கில் காலம் கழித்தவர்கள் நாங்கள். விறகு அடுப்பின் குணம் எங்களுக்குத் தெரியும். காஸின் குணம் வேறு.

சமையல் காஸ் என்பது புறொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. புறொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கும், பியூட்டேன் இரண்டு மடங்கும் பாரமானவை. ஆகவே கசியும் காஸ் புகையைப் போல மேலே போகாது. தண்ணீரைப் போலப் பள்ளத்தைத் தேடிப் போய்த் தங்கும். அலுமாரியின் அடி, வடிகான், கிணறு, மூடாமல் விட்ட பழைய பங்கர் எல்லாம் அதற்கு இடம்தான். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் கலந்தாலே ஒரு சிறு பொறியில் பற்றிவிடும். "வெளியிடம்தானே, காற்று வரும்" என்று நினைக்க வேண்டாம். மூடிய அலுமாரிக்குள் காற்று வராது.

2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நாட்டின் பல பகுதிகளில் காஸ் அடுப்புகளும் சிலிண்டர் இணைப்புகளும் வெடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கலவையில் புறொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கமும் கூடும். அப்போது பழைய றப்பர் குழாயும் தளர்ந்த இணைப்பும் தாங்காது. கலவையை எங்களால் சோதிக்க முடியாது. குழாயையும் இணைப்பையும் சோதிக்கலாம்.

மேடை கட்டும்போது மேசனிடம் சொல்ல வேண்டியவை:

• சிலிண்டரை மேடைக்குப் பக்கத்தில், திறந்த நிழலில் நிமிர்த்தி வைப்பதே நல்லது.
• அலுமாரிக்குள்தான் வைப்பதென்றால், எதிரெதிர்ப் பக்கங்களில் நிலமட்டத்தோடு துவாரங்கள் விட வேண்டும். மேலேயும் விட வேண்டும். எலி வராமல் கம்பிவலை போடலாம். பலகையால் அடைக்கக் கூடாது.
• அலுமாரியின் தரை வெளித்தரையைவிடப் பள்ளமாக இருக்கக் கூடாது.
• உள்ளே மின்சுவிச், பிளக் எதுவும் வேண்டாம்.
• குழாய் சூடான இரும்பில் படக் கூடாது.
• சில்லு வைத்த சாதாரண பாபிகியூ அடுப்பைச் சுவருக்குள் பதிக்கக் கூடாது. பதிப்பதற்கென்றே செய்த அடுப்பு வேண்டும்.
• கிடுகுக் கூரைக்குக் கீழே மூட்டக் கூடாது.

மூட்டுவதற்கு முன் சவர்க்கார நுரையை இணைப்புகளில் பூசுங்கள். குமிழி வந்தால் கசிவு இருக்கிறது. நெருப்புக்குச்சி பிடித்து ஒருபோதும் பார்க்க வேண்டாம். பல மாதம் கிடந்த அடுப்பின் குழல்களில் சிலந்தி கூடு கட்டியிருக்கும், முதலில் துப்புரவாக்குங்கள். அடுப்பின் மூடியைத் திறந்த பிறகே பற்றவையுங்கள். சமையல் முடிந்ததும் சிலிண்டரையும் பூட்டுங்கள். அடுப்புத் திருகியை மட்டும் பூட்டுவது போதாது.

காஸ் மணம் வந்தால் சுவிச்சைப் போடவும் வேண்டாம், நிற்பாட்டவும் வேண்டாம். எரியும் விளக்கை அணைத்து, சிலிண்டரைப் பூட்டி, அலுமாரிக் கதவைத் திறந்துவிட்டு, பிள்ளைகளோடு தூரப் போங்கள். தொலைபேசியைத் தூரத்தில் நின்றே எடுங்கள்.

உடம்பில் நெருப்புப் பட்டால் இருபது நிமிடம் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் பிடியுங்கள். பற்பசையோ எண்ணெயோ பூசாமல் சுத்தமான துணியால் மூடி, 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண் ஒருவர் எரிகாயத்தோடு படுத்துவிட்டால், பிள்ளைகளின் சாப்பாடும் படிப்பும் அன்றோடு தடைப்பட்டுவிடும். ஷெல்லுக்கும் குண்டுக்கும் தப்பி வந்த உயிரை ஒரு துவாரம் விடாத குறைக்காக இழக்கலாமா?

"அது அவர்களின் வீடு, நான் எப்படிச் சொல்வது?" என்று தயங்க வேண்டாம். அடுத்த முறை வெளிநாட்டிலிருந்து தொலைபேசி வரும்போது சொல்லுங்கள்: "அண்ணை, அலுமாரிக்கு அடியிலை துவாரம் விட்டால்தான் நான் அடுப்பை மூட்டுவன்." வீடு அவர்களுடையதாக இருக்கலாம். மூட்டுகின்ற கை உங்களுடையது.