நாட்டின் உட்பகை எது?

உள்நாட்டுப் பாதுகாப்பு என்றதும் நம் நினைவுக்கு வருபவை துப்பாக்கி, வெடிகுண்டு, ஆயுதக் குழு. இவற்றை அரசு தடுக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், நாட்டை உள்ளிருந்தே அரிக்கும் பகை எது என்பதை அரசமைப்புச் சட்டத்தை வரைந்தவரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் அண்ணல் அம்பேத்கர் பேசினார். இந்தியா முன்பு விடுதலையை இழந்ததற்குச் சொந்த மக்களின் துரோகமே காரணம் என்றார். சிந்து மன்னர் தாகிரின் படைத்தலைவர்கள் எதிரியிடம் கையூட்டு வாங்கிக்கொண்டு போரிட மறுத்ததை எடுத்துக்காட்டினார். அதே உரையில்தான், மக்களைப் பிரித்துப் பகை வளர்க்கும் சாதிகள் தேசத்துக்கு எதிரானவை என்றும் சொன்னார்.

அவர் சொன்னது நம் ஊர்களிலேயே நடந்தது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். 1996இல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியலின மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதன்பின் வேட்புமனு தர ஆளில்லை. அல்லது வென்றவர் உடனே பதவி விலகினார். 2006 வரை, 10 ஆண்டுகள் இதே கதை. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டனர்.

ஆயுதக் குழு ஒன்று ஒரே ஒரு தேர்தலைத் தடுத்தாலும் துணை ராணுவம் வந்து இறங்கும். இங்கே 10 ஆண்டுகள் அரசமைப்பே ஊருக்குள் நுழைய முடியவில்லை. அதற்கு வைத்த பெயர் 'உள்ளூர்ப் பிரச்சினை'.

உத்தரப் பிரதேசத்தைப் பாருங்கள். 2017 மே மாதம் சகாரன்பூர் மாவட்டத்தில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. அவர்களுக்காகப் போராடிய சந்திரசேகர் ஆசாத் கைது செய்யப்பட்டார். அந்த நவம்பரில் உயர்நீதிமன்றம் ஜாமீன் தந்தது. மறுநாளே அவர்மீது தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. 2018 செப்டம்பரில்தான் அவர் வெளியே வந்தார். வீடிழந்தவர்களுக்காகப் பேசியவர் நாட்டுக்கு ஆபத்தாம்!

சாதியைப் பேசுவதே பிரிவினை என்பார் சிலர். தெருவையும் சுடுகாட்டையும் பிரித்து வைத்தது நம் பேச்சா?

2022 ஆகஸ்டில், பட்டியலின ஊராட்சித் தலைவர்கள் எந்தப் பாகுபாடும் இன்றித் தேசியக்கொடி ஏற்றுவதை உறுதிசெய்யுமாறு தமிழகத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. விடுதலை பெற்று 75 ஆண்டுகள் ஆன பிறகும், சொந்த நாட்டின் கொடியைத் தொட ஒரு கடிதம் தேவைப்பட்டது.

மாணவர்களுக்கு ஒன்று சொல்வோம். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 கிராமசபைக்குப் போங்கள். தலைவரின் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார், கொடிக்கயிறு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். பட்டியலின ஊராட்சித் தலைவரை, உறுப்பினரைக் கடமை செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். 2015 திருத்தம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. தடுத்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். மனு ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

நாட்டைக் காக்கும் வேலை எல்லையில் மட்டும் இல்லை. நம் ஊராட்சி அலுவலக வாசலிலும் இருக்கிறது.