ஹோஸை அடைக்க முன்னர் வால்வைச் சோதியுங்கள்

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ அக்கரைப்பற்றிலோ பெற்றோல், டீசல் வாகனம் வைத்திருப்பவர், வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முன்னர் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் எடுத்தாக வேண்டும். 2008இல் தொடங்கிய ஏற்பாடு இது. டீசல் வாகனத்தில் புகையின் கறுமையைப் பார்க்கிறார்கள். பெற்றோல் வாகனத்தில் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் அளக்கிறார்கள். சைலன்சருக்குள் குழாயைச் செருகி எடுக்கும் அந்த அளவு, வெளியே என்ன வருகிறது என்பதை மட்டுமே சொல்லும். எந்தப் பாகம் பழுது என்று சொல்லாது. ஆகவே சோதனையில் தவறினால் உடனே கார்புரேட்டரைத் திருகுகிறோம். காற்று வால்வை யாரும் தொடுவதில்லை.

பல்சர் போன்ற பல பைக்குகளில் ஏர் ஃபில்டரிலிருந்து சிலிண்டர் ஹெட்டுக்கு ஒரு ரப்பர் ஹோஸ் போகும். எரிந்த வாயு வெளியேறும் வாயிலில் அது புதுக்காற்றைச் சேர்க்கிறது. அரைகுறையாக எரிந்த பெற்றோல் அந்தச் சூட்டில் ஒட்சிசன் கிடைத்ததும் முழுதாக எரிந்துவிடும். ஹோஸின் நடுவே இருக்கும் காற்று வால்வுக்குள் மெல்லிய உருக்கு நாக்கு ஒன்று உண்டு. வாயு வெளியேறும் துடிப்புகளுக்கிடையில் அழுத்தம் குறையும்போது நாக்கு திறந்து காற்றை விடும். அழுத்தம் கூடியதும் மூடிக்கொள்ளும்.

அக்சிலேட்டரைச் சட்டென விட்டதும் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிறதா? ‘அந்த ஹோஸை அடைத்துவிடு’ என்பதுதான் நம்மிடம் அடிக்கடி கேட்கும் ஆலோசனை. சத்தம் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் அக்சிலேட்டரை விடும் நேரத்தில் காற்றை நிறுத்துவதற்கென்றே வால்வில் ஒரு சவ்வு இருக்கிறது. எஞ்சினிலிருந்து வரும் சிறிய வெக்குவம் குழாய் அதை இழுத்து மூடுகிறது. குழாய் வெடித்திருந்தாலோ சவ்வு கிழிந்திருந்தாலோ காற்று நிற்காமல் போய், எரியாத பெற்றோலோடு சேர்ந்து வெடிக்கிறது. சைலன்சர் மூட்டில் கசிவிருந்தாலும் இதே சத்தம் வரும்; அதை முதலில் பாருங்கள்.

சோதிப்பது கடினமில்லை. எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, ஃபில்டர் பக்கத்து ஹோஸ் முனையைக் கழற்றி ஒரு மெல்லிய தாளைப் பிடியுங்கள். தாள் படபடத்து உள்ளே இழுபட்டால் நல்லது. சூடான வாயு வெளியே வீசினால் நாக்கில் கரி ஏறியிருக்கிறது, அல்லது நாக்கு உடைந்திருக்கிறது. எஞ்சின் ஆறிய பின் வால்வைக் கழற்றி ஃபில்டர் பக்கம் ஊதினால் காற்று போக வேண்டும். எஞ்சின் பக்கம் ஊதினால் போகக்கூடாது. பிறகு வெக்குவம் முனையில் ஊசியில்லாத சிரிஞ்சைப் பொருத்தி இழுத்துப் பிடியுங்கள். ஃபில்டர் பக்கம் ஊதும் காற்றும் இப்போது நிற்க வேண்டும். சிரிஞ்சின் இழுவை தானாகத் தளர்ந்தால் சவ்வு போய்விட்டது. வெக்குவம் குழாய்க்குப் பதிலாக மின் இணைப்புள்ள வால்வென்றால் அதற்கு மல்டிமீட்டர் வேண்டும். பாஸிடம் விடுவதே நல்லது.

கார்களில் எல்லாவற்றிலும் இந்தக் காற்றுச் சேர்க்கும் ஏற்பாடு இல்லை. இருப்பவற்றில் சில, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த சிறிது நேரத்துக்கு மட்டும் மின் பம்பால் காற்றைத் தள்ளும். ஸ்கேனரில் பி0410 என்ற பழுதுக் குறியீடு வந்தால் பம்பை மாற்றச் சொல்வார்கள். பம்புக்கு அடுத்த ஒருவழி வால்வையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அது மூடாவிட்டால் புகையும் நீராவியும் திரும்பிப் போய்ப் பம்பைத் தின்றுவிடும். புதுப் பம்பும் அதே வழியில் போகும். உப்புக்காற்று வீசும் நம் கரையில் இரும்புக் குழாய்களுக்கு வெளியிலிருந்தும் துரு வரும்.

ஹோஸை அடைத்தால் காபனோரொட்சைட்டு கூடும். சோதனையில் தேற வேண்டுமென்று பெற்றோலைக் குறைப்பார்கள். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும், காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும். நிறமோ மணமோ இல்லாத காபனோரொட்சைட்டு என்ற நஞ்சை, பிரதான வீதிக் கடைகளில் நாள் முழுக்க நிற்பவர்கள் சுவாசிக்கிறார்கள். கார்புரேட்டரைச் சரிசெய்யும்போது சில நிமிடம் ஹோஸை மூடுவது முறையான வேலைதான். திறந்திருந்தால் சேரும் காற்று, கூடுதல் பெற்றோலை மறைத்துவிடும். வேலை முடிந்த கையோடு அதைத் திறந்துவிட வேண்டும். பழைய பைக் வாங்குகிறவர்கள் ஹோஸை ஒருமுறை கழற்றி, உள்ளே போல்ட் ஏதும் செருகியிருக்கிறதா என்று பாருங்கள்.