வெறும் சத்தம்

"இது சங்கீதமே இல்லை, ஸார், வெறும் சத்தம்!" என்று ஒருவர் சொல்லிவிட்டால் நம்மில் பலருக்கு அதற்குமேல் விசாரணை தேவைப்படுவதில்லை. தீர்ப்பு எழுதியாகிவிட்டது, பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொள்ளலாம். ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளில் இந்தத் தீர்ப்பை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சினிமாப் பாட்டுக்கு எதிராகக் கேட்டிருக்கிறேன், கிதாருக்கு எதிராகக் கேட்டிருக்கிறேன். கடைசியாகக் கேட்டது ஓர் அமெரிக்க ராக் கோஷ்டியைப் பற்றி.

அந்தக் கோஷ்டிக்கு மெல்வின்ஸ் என்று பெயர். 1983-இல் வாஷிங்டன் மாநிலத்துச் சிற்றூர்ப் பையன்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்தது. ராக் சங்கீதம் என்றால் ஓட்டமும் துள்ளலும் என்று நினைத்திருப்பவர்களுக்கு இவர்கள் ஏமாற்றம் தருவார்கள். கல் உரலை நகர்த்துகிற மாதிரி மெதுவாக, கனமாக, நெஞ்சுக்கூடு அதிர வாசிப்பார்கள். கேமரன் ஜேமி என்கிற கலைஞர் எடுத்த சில படங்களுக்கு இவர்கள்தான் பின்னணி வாசித்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஓரத்தில் கொல்லைப்புறங்களில் பையன்கள் குஸ்தி போட்டுக் கூரையிலிருந்து ஒருவர்மேல் ஒருவர் குதிப்பது ஒரு படம். டெட்ராய்ட் பக்கம் பேய்த் திருநாளன்று குடும்பஸ்தர்கள் தங்கள் வீடுகளையே பேய்வீடாக்கி வைப்பது இன்னொன்று. மூன்றாவதை 2003-இல் எடுத்தார். ஆஸ்திரியாவில் பாட்கஸ்டைன் என்ற மலையூரில் டிசம்பர் ஆரம்பத்தில் கொம்பும் ஆட்டுத்தோலும் மாட்டுமணியும் கட்டிய வேஷக்காரர்கள் கிராம்புஸ் என்ற பேரில் புறப்பட்டு, ஜனங்களைப் பிடித்து உலுக்கி உருட்டுகிற சடங்கு அது. மேலே இந்தப் படங்கள் ஓட, கீழே நின்று மெல்வின்ஸ் நேரிலேயே வாசித்ததும் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருபது வருஷத்துக்கு முன் நடந்த சங்கதி.

அந்தக் கிராம்புஸ் படத்தில் கொஞ்சத்தை ஸ்ரீரங்கத்து நண்பர்கள் நாலு பேருக்குப் போட்டுக் காட்டினேன். நேரில் வாசித்ததல்ல, டப்பாவில் அடைத்து வந்த சங்கீதம்தான். ஐந்தாவது நிமிஷம் ஒருவர் எழுந்தார். "ஏன் ஸார், மனுஷனைப் பயமுறுத்துவதற்கு ஒரு கச்சேரியா? நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்றார். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். பிறகுதான் அந்த அருமையான தீர்ப்பு வந்தது.

சம்பந்தம் என்ன என்று கேட்டதால் சொல்லுகிறேன். சம்பந்தம் ஆரம்பித்ததே நம்முடைய திருச்சியில்.

1905-இல் தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், படம் காட்டிக்கொண்டு ஊர் ஊராய் வந்த தூபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து இதே திருச்சியில் இயந்திரத்தையும் பிலிம்களையும் விலைக்கு வாங்கினார். ஏசுநாதர் சரித்திரமும் அவற்றில் உண்டு. ரயில்வே உத்தியோகத்தை உதறிவிட்டுக் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர்சுற்றப் புறப்பட்டார். 1914-இல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தக் காலத்துப் படங்களை 'ஊமைப்படம்' என்கிறோம். ஒருநாளும் அவை ஊமையாக ஓடவில்லை. பகலில் பாண்டு வாத்தியத்தோடு நோட்டீஸ் வண்டி தெருவில் போகும். ராத்திரி திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்லுவார், ஆர்மோனியமும் தபலாவும் கூட இருக்கும். படத்தில் குதிரை ஓடினால் தபலாவும் ஓடும். ஜனங்கள் கூச்சல் போட்டால் வாத்தியக்காரன் இன்னும் இரண்டு ஆவர்த்தனம் சேர்ப்பான். ஜப்பானில் இப்படிக் கதை சொன்னவர்களுக்கு நட்சத்திர நடிகர்களைவிட மவுசு இருந்தது.

1931 அக்டோபர் 31-இல் சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' பேசிற்று, பாடிற்று. நல்லதுதான். ஆனால் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் எழுந்து போனான். அவன் எங்கே போனான் என்று நம் ஊரில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் கேட்டார்கள். 1930-ஐ ஒட்டி அந்த நாட்டு வாத்தியக்காரர் சங்கம், டப்பாவில் அடைத்த சங்கீதத்தை ஏற்காதீர்கள் என்று பத்திரிகைகளில் விளம்பரமே போட்டது. ஜனங்கள் கேட்கவில்லை. டப்பா மலிவு.

ஆகவே, திரைக்குக் கீழே நின்று வாசிக்கிற மெல்வின்ஸ் ஒன்றும் புதுமை செய்துவிடவில்லை. துரத்தப்பட்டவன் தன் நாற்காலிக்குத் திரும்பி வந்திருக்கிறான், அவ்வளவுதான். வரும்போது கொஞ்சம் கோபத்தோடு வந்திருக்கிறான்.

இதை மற்ற யாருக்குப் புரியாவிட்டாலும் கச்சேரி கேட்டு வளர்ந்த ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குப் புரிய வேண்டும். பக்கவாத்தியம் என்பது என்ன? மருங்காபுரி என்ற பெயரை நம்மில் பலர் தெரிந்துகொண்டதே பிடில் வித்வான் மருங்காபுரி கோபாலகிருஷ்ணய்யரால்தான். ஜமீன் இருந்த ஊர் என்பதும், மதுரை ரோட்டில் துவரங்குறிச்சிப் பக்கம் என்பதும் அதற்குப் பிறகு தெரிந்த விஷயங்கள். பிடில்காரர் பாடகரை நிழல் மாதிரித் தொடர வேண்டும். ஆனால் நிழலாகவே இருந்துவிட்டால் அவர் வித்வான் இல்லை. பாடகர் விட்ட இடத்தை எடுத்து, அவர் எதிர்பாராத ஒரு பிடியில் நிறுத்தி, 'இப்போது என்ன செய்யப் போகிறீர்?' என்று கேட்காமல் கேட்க வேண்டும். பாடகர் வருவதற்கு முன்பே தன் பங்கை வாசித்துப் பதிவு செய்துவிட்டுப் போய்விட்ட பிடில்காரர் ஒருவரை நீங்கள் கற்பனை செய்ய முடியுமா? அதற்கு டிக்கெட் வாங்குவீர்களா? ஆனால் சினிமாவில் தொண்ணூறு வருஷத்துக்கு மேலாக அதைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறோம். அழ வேண்டிய இடத்துக்கு முந்தியே பிடில் கூட்டம் அழ ஆரம்பித்துவிடுகிறது. கதாநாயகன் கார்க்கதவைத் திறப்பதற்குள் எக்காளம். கைகுட்டையை எப்போது எடுக்க வேண்டும் என்பதையும் ரீரிக்கார்டிங்காரரே தீர்மானித்துவிடுகிறார்.

நேரில் வாசிக்கிறவனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அவன் தவறலாம். தாளம் ஒரு மயிரிழை பிந்தலாம். அந்த இடைவெளியில் பார்க்கிறவன் தனியாக நிற்கிறான். அடி விழும் இடத்தில் நல்ல கோஷ்டி அடிக்காது. அடி விழுந்து முடிந்து, அப்பாடா என்று நீங்கள் மூச்சு விடும்போது அடிக்கும். பயம் என்பது அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது, பயமுறுத்துவதற்கு ஒரு கச்சேரியா என்ற கேள்வி.

ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறினால் புத்தூர் ரொம்ப தூரமில்லை. மாசி மாதம் குழுமாயி அம்மன் கோவிலில் குட்டி குடித்தல் நடக்கிறது. மருளாளி ஆட்களின் தோள்மேல் ஏறி நின்று, பக்தர்கள் நீட்டுகிற ஆட்டுக்குட்டிகளின் ரத்தத்தை ஒன்றன்பின் ஒன்றாகக் குடிக்கிறார். கீழே கொட்டு நிற்காது. அதே மாசியில் மணப்பாறைப் பக்கம் வீரப்பூரில் பொன்னர் சங்கர் திருவிழா. அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடிக்கொண்டு வரும்போது, வீரர்கள் சாகும் இடத்தில் ஆட்கள் பிணம்போல் விழுந்து கிடப்பார்கள். படுகளம் என்பது அதற்குப் பெயர். தங்காளாக நிற்கிற பெண் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டும். உடுக்கையை நிறுத்திவிட்டு அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள்: வெயிலில் சிலர் படுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். விழச் செய்வதும் எழச் செய்வதும் தோல்தான்.

உறுமி என்றொரு வாத்தியம். இடை சிறுத்த மத்தளம். ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது எழுகிற சப்தத்துக்கு ஸ்வரம் கிடையாது. ஒரு மிருகம் தொண்டைக்குள் புரளுகிற மாதிரி இருக்கும். மெல்வின்ஸ் கிதார்க்காரர் நரம்பைத் தளர்த்தி, பெருக்கியில் போட்டு, பெரும்பாடு பட்டுக் கொண்டுவருகிற அந்த உறுமலை மருங்காபுரிப் பக்கத்து ஆள் ஒரு குச்சியால் கொண்டுவந்துவிடுகிறான். ஆகவே, "நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்" என்றால், 'நமக்கு' என்பதில் நீங்கள் யாரையெல்லாம் சேர்த்துக்கொள்ளுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

விவகாரமே இங்கேதான் இருக்கிறது. 'சத்தம்' என்ற சொல் நம்மிடம் அமெரிக்காவிலிருந்து வரவில்லை. தவிலும் நாகஸ்வரமும் பக்கத்தில் நின்று வாசித்தால் காது அடைத்துப்போகும். அதை ஒருவரும் சத்தம் என்று சொல்லுவதில்லை. மங்கள வாத்தியம் என்கிறோம். பறையைத்தான் சத்தம் என்கிறோம். அதைக் காய்ச்சுவதற்கு வைக்கோல் எரிகிற வாடை, அடிக்குச்சி, சிம்புக்குச்சி, அதை அடிக்கிறவனின் தெரு எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சொல்லாயிற்று. சாவுக்கு அடி என்று கூப்பிட்டோம், தெருமுனையில் நிற்க வைத்தோம், கூலியாக எதையோ கொடுத்தோம், சங்கீதம் என்ற பெயரை மட்டும் கொடுக்கவில்லை. இந்தப் பழக்கத்தில் ஊறின காதுதான் கிராம்புஸ் படத்தைப் பார்த்து ஐந்தாவது நிமிஷம் எழுந்தது. எழுந்தவர் நல்ல மனிதர். ஜாதி பார்க்காதவர் என்று பெயரெடுத்தவர். காது பார்க்கிறதே, என்ன செய்ய!

சரித்திரத்தில் அரசாங்கங்களுக்குக்கூட இந்த விஷயம் தெரிந்திருந்தது. ஐஸன்ஸ்டைனின் 'பொடெம்கின்' படத்துக்கு 1926-இல் ஜெர்மனியில் எட்மண்ட் மைஸல் சங்கீதம் எழுதினார். படத்தை அனுமதித்துவிட்டு அந்தச் சங்கீதத்தை மட்டும் தடுத்த இடங்களும் உண்டு என்று சினிமா சரித்திரக்காரர்கள் சொல்லுவார்கள். போலீஸ்காரனின் ரசனை சில சமயம் ரசிகர்களுடையதைவிடக் கூர்மையாக இருக்கிறது.

எல்லா நேரடி வாசிப்புக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. பழைய சினிமா வெற்றிகளைத் திரையிட்டு, எண்பது பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, காதில் ஒலிக்கிற டிக் டிக்குக்கு ஏற்றபடி இம்மியும் பிசகாமல் வாசிக்கிற கச்சேரிகள் இப்போது உலகமெங்கும் நடக்கின்றன. அது டப்பாவைத் திறந்து காட்டுவது, பக்கவாத்தியம் இல்லை. வெறுமனே ஒலிபெருக்கியைத் திருகிவிட்டு வீரம் பேசுகிற ராக் கோஷ்டிகளும் உண்டு. காதைச் செவிடாக்குவது கலையானால் கல் குவாரிக்காரர்தான் மகா வித்வான். 1928-இல் எடுத்த 'ஷிராஸ்' என்ற தாஜ்மஹால் கதைக்கு அனோஷ்கா சங்கர் புதிதாகச் சங்கீதம் அமைத்து, 2017-இல் லண்டனிலும் பிறகு ஹைதராபாத், கல்கத்தா, டில்லி, பம்பாயிலும் நேரில் வாசித்தார்கள். உயர்ந்த முயற்சி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இம்மாதிரிக் காரியம் நம் நாட்டுக்குள் வரும்போது காதல், சலவைக்கல், சிதார் என்று வாசனை பூசிக்கொண்டுதான் வருகிறது. யாரும் ஐந்தாவது நிமிஷத்தில் எழுந்து போக வேண்டியதில்லை. அதுதான் என் குறை.

சென்னையில் 2018 ஜனவரியில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்று பத்தொன்பது பேர் மேடை ஏறினார்கள். கானா, பறை, கிதார் எல்லாம் ஒன்றாக. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பல வருஷங்களாகப் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். ஆகையால் ஆள் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. இல்லாதது, அவர்களுக்கு எதிரே ஒரு திரை கட்டுகிற துணிச்சல்.

எந்தப் படம் என்கிறீர்களா? நம்மிடமே இருக்கிறது. ஜான் ஆப்ரஹாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை', 1977. தேசிய விருது வாங்கிய படம். தூர்தர்ஷன் போடுவதாகச் சொல்லிவிட்டு எதிர்ப்புக்குப் பயந்து போடாமல் விட்ட படம். முடிவில் செத்த கழுதையின் மண்டையோட்டை வைத்துக்கொண்டு சேரி ஜனங்கள் ஆடுகிறார்கள், அக்ரஹாரம் எரிகிறது. எம்.பி. ஸ்ரீநிவாசன் அதற்குச் சங்கீதமும் அமைத்து, புரொபசராக நடிக்கவும் செய்தார். அவருடைய சங்கீதத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் ஒரு ராத்திரி ஒலியை நிறுத்திவிட்டு ஓட்டி, திரைக்கு முன்னால் நாலு உறுமியும் ஆறு பறையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. இயக்குநர் 1987-இல் காலமாகிவிட்டார். ஜனங்களிடம் துண்டேந்தி வசூலித்துத் தன் கடைசிப் படத்தை எடுத்து, ஊர் ஊராய்த் தூக்கிப்போய்க் காட்டிய மனிதர் இதற்குக் கோபித்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதையும் ஸ்ரீரங்கத்து நண்பரிடம் சொன்னேன். வெகுநேரம் யோசித்தார். "பண்ணலாம், ஸார். மருங்காபுரிப் பக்கம் எங்கேயாவது பொட்டலில் பண்ணுங்கள். அவர்களுக்குப் பிடிக்கும்" என்றார்.

நான் அதற்குச் சம்மதிக்கவில்லை. திருச்சியிலேயே, குளிர்சாதனம் செய்த சபா ஹாலில்தான் பண்ண வேண்டும் என்றேன். ஹால் வாடகை, திரை, இயந்திரம் என்று செலவுக் கணக்கெல்லாம் போட்டார். கடைசியில் ஒன்று கேட்டார்: "வாசிக்கிறவர்கள் உள்ளே வருவதற்குப் பின்பக்கம் வழி இருக்கிறதா?"