தேவதைக் கதையா, நீதிக்கதையா?

இரவு உணவு முடிந்தபின், "ஒரு கதை சொல்லுங்கள்" என்று பிள்ளைகள் நம்மைச் சூழ்ந்துகொள்ளும்போது நாம் சொல்லும் கதைகளுள் ஒன்று, சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதை. நோயுற்ற பாட்டிக்குத் தின்பண்டம் எடுத்துச் செல்லும் சிறுமி, வழியில் ஓநாயின் இனிய பேச்சுக்கு இணங்கி ஏமாந்துபோகிறாள். இது தேவதைக் கதையா, நீதிக்கதையா என்ற வினா நம்முள் சிலருக்கு எழுவதுண்டு.

தேவதை எவரும் இதில் தோன்றுவதில்லை. விலங்கு பேசுகிறது, முடிவில் ஒரு பாடமும் கிடைக்கிறது. ஈசாப்பின் கதைகளிலும் பஞ்சதந்திரத்திலும் நாம் காண்பது இதுவே. ஆகவே நீதிக்கதை என்று கூறத் தோன்றும். ஆனால் உலக நாட்டுப்புறக் கதைகளை வகைப்படுத்திய அறிஞர்கள் இதற்கு 333 என்ற எண்ணைக் கொடுத்து, விலங்குக் கதைகளோடு சேர்க்காமல் மாயக் கதைகளின் வரிசையிலேயே வைத்துள்ளனர்.

இரு பழைய வடிவங்களை ஒப்பிட்டால் உண்மை விளங்கும். பிரான்சு நாட்டுச் சார்ல் பெரோ 1697-இல் வெளியிட்ட கதையில், தாய் மகளுக்கு எந்த எச்சரிக்கையும் கூறாமலே அனுப்புகிறாள். ஓநாய் பாட்டியையும் விழுங்கி, சிறுமியையும் விழுங்கிவிடுகிறது. காப்பாற்ற எவரும் வரவில்லை. பின்னர் செய்யுள் வடிவில் ஓர் அறிவுரை வருகிறது: சாதுவாக, இனிமையாகப் பழகும் ஓநாய்களே மிகக் கொடியவை என்பது அதன் சாரம். இதனை நீதிக்கதைக்கு நெருங்கியது எனலாம்.

ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட கதையோ வேறு. வழியை விட்டு விலகாதே என்று தாய் எச்சரிக்கிறாள், மகள் பூப்பறிக்க விலகுகிறாள், விழுங்கப்படுகிறாள். ஆனால் வேட்டைக்காரர் ஒருவர் ஓநாயின் வயிற்றைக் கிழிக்க, இருவரும் உயிரோடு வெளிவருகின்றனர். விழுங்கப்பட்டவர் மீள்வது மாயக் கதையில் அன்றி வேறெங்கு நிகழும்?

பலரும் சொல்லாமல் விட்டுவிடும் பகுதி ஒன்று அதன்பின் உண்டு. மற்றொரு நாள் வேறோர் ஓநாய் குறுக்கிடுகிறது. இம்முறை சிறுமி நில்லாமல் நேரே சென்று, நடந்ததைப் பாட்டியிடம் சொல்லிவிடுகிறாள். இருவரும் கதவைத் தாழிட்டு, சூழ்ச்சியால் அந்த ஓநாயை ஒழிக்கின்றனர்.

எந்த முடிவைச் சொல்கிறோம் என்பது சிறிய செய்தியன்று. "சொல் கேளாதவளை ஓநாய் தின்றது" என்பதோடு நிறுத்தினால், நாளை ஒரு தீயவரின் இன்சொல்லுக்கு ஏமாந்த நம் பிள்ளை, "தவறு என்னுடையதே, இனி மீட்சியில்லை" என்றெண்ணி அதை நம்மிடமிருந்து மறைத்துவிடக்கூடும். ஓநாய்களுக்கு வேண்டியது அந்த மௌனமே அன்றோ? பெரோவின் கதையில் எச்சரிக்கத் தவறியவள் தாய் என்பதையும் நாம் மறக்கலாகாது.

எனவே இது நீதியைத் தன்னுள் தாங்கிய தேவதைக் கதை என்போம். எச்சரிக்கையையும் சொல்வோம், மீட்பையும் சொல்வோம். சிறுமி பாட்டியிடம் மனம் திறந்த அந்தக் கடைசிப் பகுதியையும் விடாது சொல்வோம். கதை முடிந்ததும் பிள்ளை ஏதேனும் சொல்ல வாயெடுத்தால், விளக்கை அணைக்க விரையாமல் சற்று அமர்ந்து கேட்போம்.