தராசுக்கு முத்திரை உண்டு, மென்பொருளுக்கு?

மலையகத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் தராசு வெறும் கருவியன்று. முழுப்பேரா, அரைப்பேரா என்பது அதன் முள்ளிலேயே தங்கியிருக்கின்றது. தராசு பிழைத்தால் வயிறு காயும் என்பதாலேயே, வர்த்தகத்தில் பயன்படும் தராசுகள் பரிசோதிக்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டுமென 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் விதித்துள்ளது. ஆனால், வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையிலுள்ள றொசல்லவின் ஒரு தொழிலாளர் குடும்பத்துக்கு அரச நிவாரணம் கிடைக்குமா என்பதைக் கணிப்பது இன்று கணினி மென்பொருளாகும். அதனைப் பரிசோதித்தவர் யார், எவ்வாறு பரிசோதித்தார் என்பதை அக்குடும்பம் அறிய வழியில்லை.

2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அஸ்வெசும திட்டம், 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களை நான்கு பிரிவுகளாக வகுத்தது. தகுதியானோர் விடுபட்டுள்ளனர் என நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியதையும், மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்ததையும் நாம் மறந்துவிடவில்லை. பிழை குறிகாட்டியில் இருந்ததா, தகவல் திரட்டியதில் இருந்ததா, கணக்கிட்டதில் இருந்ததா? இம்மூன்றையும் பிரித்தறிய உதவுவதே முறையான சோதனையாகும். அது பகிரங்கமாக இல்லாதவிடத்து, பழி ஈற்றில் விண்ணப்பதாரியின் தலையிலேயே விழுகின்றது.

பிரித்தானியத் தபால் நிலையங்களின் அனுபவம் இதற்குத் தக்க எச்சரிக்கையாகும். 1999இல் அறிமுகமான 'ஹொரைசன்' கணக்கு மென்பொருள் காட்டிய பற்றாக்குறையை நம்பி, 900க்கும் மேற்பட்ட உப தபாலதிபர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டனர். அவர்களுள் தெற்காசிய வம்சாவளியினரும் பலர். 2015இல் ஸ்கொட்லாந்தின் டல்மெலிங்டன் கிளையில் 8,000 பவுண் பணமாற்றம் ஒன்றினை அம்மென்பொருள் நான்கு தடவைகள் பதிந்து, இல்லாத 24,000 பவுண் பற்றாக்குறையை உருவாக்கியது. மென்பொருளில் வழுக்கள் இருந்தமையை 2019இல் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. 2024இல் விசேட சட்டம் இயற்றியே தண்டனைகளை இரத்துச் செய்ய நேர்ந்தது. அதற்குள் சிலர் இறந்தும் போயினர்.

மென்பொருட் சோதனை என்பது ஒரே நாளில் முடிந்துவிடும் ஒரு சடங்கன்று. எழுதும்போதே ஒவ்வொரு கூறும் சரியாக இயங்குகின்றதா எனப் பார்ப்பது அலகுச் சோதனை. வருமானத்தைக் கூட்டும் பகுதி சரியாகக் கூட்டுகின்றதா என்பது இதில் தெரியும். கூறுகளை இணைத்த பின்னர், பிரதேச செயலகத்தில் பதிந்த தகவல் வங்கிக் கணக்குவரை பிசகின்றிச் செல்கின்றதா என அறிவது ஒருங்கிணைப்புச் சோதனை. ஒரு வழுவைத் திருத்தியதும் முன்னர் சரியாயிருந்தவை கெட்டுவிட்டனவா என மீண்டும் முழுவதையும் பார்ப்பது மீள்சோதனை. இது ஒவ்வொரு திருத்தத்தின் பின்னரும் அவசியமாகும்.

பலர் ஒரேநேரத்தில் நுழைந்தால் தாங்குமா என அறியச் சுமைச் சோதனை, வெளியிடுமுன் நடத்தப்பட வேண்டும். 2013இல் அமெரிக்க அரசின் சுகாதாரக் காப்புறுதி இணையத்தளம் திறக்கப்பட்ட முதல் நாளில் ஆறு பேர் மாத்திரமே பதிவை நிறைவுசெய்ய முடிந்தது என்பது உலகறிந்த கதை. பாதுகாப்புச் சோதனையும், அழிந்த தரவை மீட்கும் ஒத்திகையும் வெளியிட்ட பின்னரும் இடையறாது தொடர வேண்டியவை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினிக் கட்டமைப்பு தாக்கப்பட்டபோது, ஏறத்தாழ மூன்றரை மாத கால மின்னஞ்சல்கள் மீளப்பெற முடியாது அழிந்தன. அக்காலப் பகுதிக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை.

இவை அனைத்திலும் எம்மக்களுக்கு நெருக்கமானது பயனர் ஏற்புச் சோதனையே. இது கொழும்பில் குளிரூட்டிய அறையில், அதிகாரிகள் முன்னிலையில் மாத்திரம் நடந்தால் பயனில்லை. குடும்பப்பெயர் இன்றித் தந்தை பெயரின் முதலெழுத்தை மாத்திரம் கொண்ட தமிழர். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் முகம்மது என்ற பெயர் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுள்ள முஸ்லிம். தனித்த வீட்டு இலக்கமின்றி ஒரே லயன் முகவரியில் வாழும் பல குடும்பங்கள். இவர்கள் விதிவிலக்குகள் அல்லர்; இந்நாட்டின் பிரஜைகள். இவர்களது பெயரையும் முகவரியையும் ஏற்காத மென்பொருள் சோதனையில் சித்தியடைந்ததாகக் கொள்ள முடியாது. தமிழ் அரசகரும மொழியாக உள்ள நாட்டில், தமிழ்ப் பக்கமும் சிங்களப் பக்கத்திற்கு நிகரான கண்டிப்புடன் சோதிக்கப்பட வேண்டும்.

டிஜிட்டல் அடையாள அட்டைக்கான ஏற்பாடுகள் முன்னெடுக்கப்பட்டுவரும் வேளையில் இக்கேள்வி மேலும் அவசரமாகின்றது. நவீனமயத்தை நாம் எதிர்க்கவில்லை. பிரதேச செயலகத்திற்கு அலைந்து ஒரு நாட்சம்பளத்தை இழக்கும் தொழிலாளிக்கு அதனால் நன்மையே உண்டு. எனினும், நாடளாவிய ரீதியில் நடைமுறைப்படுத்துமுன் தோட்டப் பகுதியிலும், வடகிழக்கிலும், முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஊர்களிலும் பரீட்சார்த்தமாக இயக்கிப் பார்க்கப்பட வேண்டும். அதன் பெறுபேறுகள் மும்மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும். பிழை நேர்ந்தால் அதனை நிரூபிக்கும் சுமை பாதிக்கப்பட்டவர் மீதன்றி, மென்பொருளை நிறுவியவர் மீதே இருத்தல் வேண்டும்.

கொழுந்துத் தராசில் முத்திரை உள்ளதா எனப் பார்க்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. தம் வாழ்வை நிறுக்கும் மென்பொருளிலும் அதே உரிமையை மக்கள் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் வற்புறுத்திக் கேட்க வேண்டுமென வலியுறுத்துகின்றோம்.