விலை பேசும் முன் வரிசை எண்ணைப் பாருங்கள்

யாங்கூனில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். அதனால் டிவியோடு இணைக்கிற கேம் மெஷினை விட, கையில் வைத்து விளையாடுகிற சாதனத்துக்குத்தான் இங்கே பையன்களிடம் மவுசு. எங்கள் கீழ்வீட்டு அக்காவின் மகனும் ஒரு வருஷமாக மாமா கடையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் பழைய நிண்டெண்டோ ஸ்விட்ச் ஒன்று வாங்கக் கிளம்பினான். "இது முதல் மாடல், சாஃப்ட்வேர் மாத்திக்கலாம்" என்று சொல்லி கடைக்காரர் கூடுதல் விலை கேட்டிருக்கிறார். இரண்டு லட்சம் கியாட் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் என்னிடம் கேட்டான், "அண்ணே, அவரு சொல்றது நெசமான்னு எப்படிப் பாக்குறது?"

கொடுப்பதற்கு முன்னால் கேட்டிருக்கலாம். பரவாயில்லை, நானும் அந்த வயதில் அப்படித்தான்.

விஷயம் இதுதான். 2018 ஏப்ரலில் கேட் டெம்கின் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் ஸ்விட்சில் இருக்கும் என்விடியா டெக்ரா சிப்பில் ஓர் ஓட்டையை வெளியிட்டார்கள். சாதனம் மீட்பு நிலையில் யூஎஸ்பி வழியாகப் பேசும்போது, "இவ்வளவு நீளத் தரவு வேண்டும்" என்று வெளியிலிருந்து கேட்டால், அந்த நீளம் சரியா என்று பார்க்காமலே சிப் நகலெடுத்துவிடுகிறது. தரவு வழிந்து பக்கத்து நினைவகத்தில் விழ, அங்கே நம்முடைய நிரலை ஓட வைத்துவிடலாம். இந்தத் தவறு இருந்த இடம் பூட்ராம். தொழிற்சாலையில் சிப்போடு சேர்த்துப் பதித்த பகுதி அது. எத்தனை அப்டேட் போட்டாலும், விற்றுவிட்ட சாதனத்தில் அதைத் திருத்த முடியாது. அந்த வருஷம் மார்ச் முடிவதற்குள் நிண்டெண்டோ 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேல் ஸ்விட்ச் விற்றிருந்தது. அத்தனையிலும் ஓட்டை. 2018 நடுவிலிருந்து தொழிற்சாலையிலேயே அடைத்து அனுப்பினார்கள். 2019-ல் சிப்பையே மாற்றிவிட்டார்கள்.

ஆக, வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஸ்விட்சில் ஒன்று திறக்கும், மற்றது திறக்காது. கண்டுபிடிக்க வரிசை எண்தான் வழி. சாதனத்தின் அடிப்பக்கம், சார்ஜர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் இருக்கும். எக்ஸ்ஏடபிள்யூ1 என்று தொடங்கி, அதற்கடுத்த நான்கு இலக்கம் 0074-க்குக் கீழே என்றால் பழைய சிப், திறக்கும். 0120-க்கு மேல் என்றால் அடைத்தது. நடுவில் இருந்தால் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். ஜப்பான் சந்தைக்கு வந்தவை எக்ஸ்ஏஜே என்று தொடங்கும், அவற்றுக்கு எல்லை எண்கள் வேறு. எக்ஸ்கேடபிள்யூ, எக்ஸ்கேஜே என்று தொடங்கினால் 2019-க்குப் பிந்தைய புது சிப். மாட்சிப் வாங்கிப் பற்றவைத்தால் ஒழிய நடக்காது. லைட் மாடலும் அப்படியே.

ஆனால் ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள். வெளி உறையைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டுவது பத்து நிமிட வேலை. செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குள் போனால் வரிசை எண் திரையிலேயே தெரியும். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மறுநாள் சாயங்காலம் அனோரத்தா சாலையில் இருந்த அந்தக் கடைக்கு அவனோடு போனேன். ஜெனரேட்டர் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. ஸ்டிக்கரில் எக்ஸ்ஏடபிள்யூ1, 0052. அருமையான எண். திரையில் பார்த்தால் எக்ஸ்கேடபிள்யூ. கடைக்காரர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார், பிறகு "எனக்கும் இப்படித்தான் வந்துச்சு" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஒரு மணி நேரம் பேசி அட்வான்ஸில் பாதி திரும்பக் கிடைத்தது. மீதி ஒரு லட்சம் அந்தப் பையனுடைய பல நாள் உழைப்பு.

"கேம் திருடுவதற்குத்தானே இந்த வித்தையெல்லாம்?" என்று சிலர் கேட்பீர்கள். பாதி நியாயம்தான். சென்னையில் இன்ஜினியரிங் படித்தபோது பர்மா பஜாரில் வாங்கிய சிடிக்களுக்கு இன்று கணக்குச் சொல்லச் சொன்னால் என்னால் முடியாது. (பர்மாவிலிருந்து திரும்பிய நம் மக்கள் போட்ட கடைவீதி. இங்கே வந்த பிறகுதான் அந்தப் பெயரின் கனம் எனக்குப் புரிந்தது.) ஸ்விட்சைத் திறக்கும் கருவிகளை விற்ற டீம் எக்ஸிக்யூட்டர் குழுவைச் சேர்ந்த கேரி பவுசருக்கு 2022 பிப்ரவரியில் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை விதித்தது. கள்ளப் பிரதிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

மற்ற பாதியையும் பாருங்கள். சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் மியான்மர் என்ற நாடே இல்லை, இலங்கையும் இல்லை. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 விளையாட்டுக்கு அந்தக் கணக்கு கட்டாயம் என்ற பிரச்சினை எழுந்தபோது, இப்படிப்பட்ட நாடுகளில் அதன் விற்பனையையே ஸ்டீமில் நிறுத்தினார்கள். காசு கையில் இருந்தும் அப்போது வாங்க முடியவில்லை.

கைச்சாதனத்தின் உள்ளே கை வைப்பது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 2014-ல் சிம் கார்டு 1,500 கியாட்டுக்கு வந்து எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் ஏறியபோது, பல போன்களில் பர்மிய எழுத்து ஒழுங்காகத் தெரியவில்லை. தெருவோரக் கடைக்காரர்கள் போனை ரூட் செய்து சோஜி எழுத்துருவைப் போட்டுக் கொடுத்தார்கள். சொந்த மொழியில் செய்தி படிக்க மக்கள் அதைத்தான் செய்தார்கள். அரசு யூனிகோடுக்கு மாறச் சொன்னது 2019 அக்டோபரில்தான். பாமினியும் டிஸ்கியும் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதனால் வெளிநாட்டில் இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் உங்கள் பிள்ளைகள் ஒதுக்கிய பழைய ஸ்விட்ச் அலமாரியில் கிடக்கும். ஊருக்கு அனுப்பும்போது வரிசை எண்ணையும், அதில் ஏற்கனவே யாராவது கை வைத்தார்களா என்பதையும் எழுதி அனுப்புங்கள். நிண்டெண்டோ ஆன்லைன் தடை போட்டால் அது சாதனத்துக்கே விழும், கை மாறினாலும் போகாது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-விலும் இப்படித் தடை விழுந்தது. அதைப் பழையதாக வாங்குகிறவர்கள் கடையிலேயே ஆன்லைனில் ஏற்றிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். கடைக்காரர்களும் திரையில் தெரியும் எண்ணை பில்லில் எழுதித் தரலாமே, ஒரு வரிதான்.

பையனுக்குப் போன வாரம் சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா ஒரு பழைய ஸ்விட்ச் கொடுத்தனுப்பினார். எக்ஸ்ஏடபிள்யூ1, 0098. இரண்டும் கெட்டான் எண். வலது ஜாய்கான் சொருகும் தண்டவாளத்தில் ஒரு சின்ன ஜிக் செருகி மீட்பு நிலைக்குக் கொண்டுபோய், லேப்டாப்பிலிருந்து நிரல் அனுப்பிப் பார்க்க வேண்டும். திறந்தால் மெனு வரும். அடைத்ததாக இருந்தால் கறுப்புத் திரை அப்படியே நிற்கும், சாதனத்துக்குச் சேதமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கரண்ட் இருக்கும் என்று அக்கா சொன்னார். ஜிக் என் பையில் இருக்கிறது.